மௌனம் என்று பெயர் வைத்த பெட்டி

“உம்ம்ம்” என்று ஒரு சத்தம் கேட்கிறதா? நன்றாகக் காது கொடுங்கள். வண்டு இல்லை. கீழ்வீட்டுத் தண்ணீர் மோட்டாரும் இல்லை. முதல் தடவை கேட்டபோது, சுவருக்குள் தேனீ கூடு கட்டியிருக்கிறது என்று நினைத்து, விளக்குமாற்றைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடினேன். பகலில் கேட்காது. பொன்மலைப்பட்டியில் பகல் முழுக்க பஸ்காரன் ஹாரனும் காய்கறி வண்டிக்காரன் மைக்கும் போட்டி போடும். இது அடியில் கிடக்கும். இருட்டி, தெரு அடங்கின பிறகுதான் மெல்லத் தலை தூக்கும். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். சிரிக்காதீர்கள். ஏன் பிடிக்கும் என்று சொல்கிறேன்.

முதலில் உட்காருங்கள். அந்த ஸ்டூலில் வேண்டாம், ஈயம் சிந்தி இறுகியிருக்கும், வேட்டி மாட்டிக் கிழியும். நாற்காலியில் கிடக்கிற சாமான்களைத் தள்ளிவிட்டு உட்காருங்கள். பார்த்து வைக்க வேண்டியதில்லை, எல்லாம் குப்பைதான். அவர் வர இன்னும் கொஞ்சம் நேரமாகும். கோயம்புத்தூர் போயிருக்கிறார். “துறையூர்லேர்ந்து ஒருத்தர் வருவார் ஜெசி, முன்ரூம்ல உக்கார வை” என்று போனில் சொன்னார். சொன்னதால்தான் கதவைத் திறந்தேன். நான் பயப்படுகிற ஆள் இல்லை. ஆனால் கைப்பிள்ளையோடு தனியாக இருக்கிறேன் பாருங்கள். நான் இந்த நிலைப்படியிலேயே நின்றுகொள்கிறேன். இந்தக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போகலாம் என்றால், இதைச் சாத்த முடியாது. அந்தக் கதையும் வரும்.

நீங்களும் கிட் வாங்கின ஆள்தானே? அரிசிச் சாக்கில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினீர்களே, அப்போதே தெரிந்துவிட்டது. இங்கே வருகிறவர்கள் எல்லோரும் ஆம்ப்ளிஃபயரைப் பச்சைப்பிள்ளை மாதிரித்தான் தூக்கி வருவார்கள். சொந்தப் பிள்ளையை அப்படித் தூக்குவார்களா என்று எனக்குத் தெரியாது.

இல்லை, அக்கா என்று கூப்பிடாதீர்கள். உங்களைவிட நான் ரொம்பச் சின்னவள். தூக்கம் இல்லாத முகம், அவ்வளவுதான்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை டிசைனர் என்றார்கள். என் சித்தி பாவம், ப்ளவுஸ் மாடல் கேட்கலாம் என்று நினைத்திருந்தாள். அப்பா, பாலம் கட்டிடம் இப்படி ஏதோ என்று நினைத்துக்கொண்டார். கல்யாணம் முடிந்து இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, இவர் டிசைன் செய்வது ஒரு தகரப்பெட்டி என்று. பகலில் ஒரு கம்பெனியில் சம்பளம் வாங்குகிறார். வீட்டுக்கு வந்ததும் டிசைனர் ஆகிவிடுகிறார். இவரே படம் போடுவாராம், போர்டு அடித்து வாங்குவாராம், சாமான்களைச் சின்னச் சின்ன கவரில் போட்டு உங்களைப் போன்றவர்களுக்கு அனுப்புவாராம், நீங்கள் வீட்டில் உட்கார்ந்து ஈயம் வைத்து ஒட்டிக்கொள்வீர்களாம். கடையில் ஒழுங்காக ஒன்று வாங்க மாட்டீர்களா என்று கேட்டால், கடையில் இருப்பதற்கு உயிர் இல்லையாம். உயிர்! கேளுங்கள் இதை.

இந்தக் கிட்டுக்கு அவர் வைத்த பெயர் மௌனம். முதலில் மௌனம் ஒன்று. அது கரகரவென்று இரைந்தது. அப்புறம் மௌனம் இரண்டு. நீங்கள் கட்டிக்கொண்டு அழுவதும் அதுதானே? இதோ, மேஜைக்கு அடியில் நீல விளக்கோடு உட்கார்ந்திருக்கிறதே, அதுவும் அதுதான். ராத்திரி பகல் அணைப்பதில்லை. சூடாகவே இருந்தால்தான் நன்றாகப் பாடுமாம். ஆமாம், பிள்ளைக்குப் பால் காய்ச்சி வைத்தால் ஆறிப்போகும். அது ஆறக் கூடாது.

இந்தக் கூட்டத்தை ஒரு நாள் முழுக்கக் கூட இருந்து பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். கார்த்திகை மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா டிசைனர்களும் இங்கே கூடினார்கள். ஆளுக்கொரு பெட்டி. பூசைக்குப் போய்விட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் மாடியேறுகிறேன், வீட்டுக்குள் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால், உள்ளே ஹாலில் பெரிய பெரிய ஆம்பிளைகள் முழங்காலில் நின்று, ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறார்கள். நான் இவ்வளவு பக்தியைக் கோயிலில்கூடப் பார்த்ததில்லை. “என்ன பாட்டு?” என்று கேட்டேன். “உஷ்” என்றார்கள். பாட்டே போடவில்லை சார்! பாட்டு போடாமல், பெட்டி எவ்வளவு சும்மா இருக்கிறது என்று கேட்கிறார்களாம். எவன் பெட்டி அதிகம் சும்மா இருக்கிறதோ அவன் பெரிய டிசைனர். சும்மா இருப்பதற்கு இத்தனை வயர், இத்தனை ஈயம், இத்தனை ஞாயிற்றுக்கிழமை.

பாட்டு போட்டாலும் முழுசாகக் கேட்கிற வழக்கம் இல்லை. ஒரே பாட்டு, அதில் ஒரே இடம், ஜால்ரா தட்டுகிற இடம். திரும்பத் திரும்ப அதே. ஜால்ரா இடது பக்கம் நிற்கிறதா, ஒரு அடி பின்னால் நிற்கிறதா என்று சண்டை. அந்த நேரத்தில் பக்கத்து ரூமில் பிள்ளை தொண்டை கிழிய அழுகிறாள். அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று ஒருவருக்கும் கேட்கவில்லை.

அன்றைக்குத்தான் அந்தப் பெரிய மனிதரை நேரில் பார்த்தேன். பீளமேட்டு ஞானவடிவேல். இவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். இவர் கோயம்புத்தூர் போயிருப்பதும் அவரைப் பார்க்கத்தான். வெள்ளைச் சட்டை, காதில் கற்றை முடி. அந்த முடியைத் தாண்டி எப்படிக் கேட்கிறார் என்பதே எனக்குச் சந்தேகம். எங்கள் மௌனத்தில் காதை வைத்தவர், முகத்தைச் சுளித்தார். “அமலு, ஹம் இருக்குதுங்க தம்பி” என்றார். என் வீட்டுக்காரருக்கு முகம் செத்துப்போனது. எனக்குப் பிள்ளை பிறக்கும்போதுகூட அவர் முகம் அப்படி ஆகவில்லை.

ஹம் என்றால் இந்த உம்தான், எனக்கு அது எப்போதோ கேட்டாயிற்று. சொல்லவில்லை, கேட்டால்தானே சொல்வது. நான் கான்வென்டில் படிக்கும்போது க்வயரில் இருந்தவள். பாடல் தொடங்கும்முன் சிஸ்டர் கீபோர்டில் ஒரு சுரம் கொடுப்பார், அதை வீடு வரைக்கும் காதில் வைத்துக்கொண்டே போவேன். இந்த உம் இருக்கிறதே, அது ஜி சுரத்துக்கு ஒரு மயிரிழை மேலே. அன்றைக்கு அதைச் சொன்னேன். எல்லாருமாகச் சேர்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கப்புறம் யார் புதுப் பெட்டி கொண்டுவந்தாலும், “சிஸ்டர், ஒரு தடவ கேட்டுச் சொல்லுங்களேன்” என்பார்கள். சொல்லிவிட்டு வந்து தோசை வார்ப்பேன். எனக்கு அதில் ஒரு சிரத்தையும் இல்லை. ஏதோ காது இருக்கிறது, கேட்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த மாஸ்டர் என்ன செய்தார் தெரியுமா? பிளக்கைப் பிடுங்கினார். கட்டரை எடுத்தார். மூன்று பின்னில் பெரிய பின் இருக்கிறதே, எர்த் பின், அதை அடியோடு நறுக்கென்று வெட்டினார். திரும்பச் சொருகினார். உம் போய்விட்டது. போயே போய்விட்டது. கைதட்டினார்கள் சார். ஒருவர் கண்ணில் தண்ணீர்.

“ஐயையோ, அது எர்த் ஆச்சே!” என்றேன். எனக்கு அறிவியல் எடுத்தவர் சிஸ்டர் கனீசியா. சின்ன உருவம், பெரிய குரல். ஒரு பிளக்கைக் கையில் தூக்கிப் பிடித்து எங்களைக் கேட்பார்: “இந்த ஒரு பின் மட்டும் ஏன் நீளம், ஏன் தடி?” ஒருத்திக்கும் தெரியாது. “இதுதான் முதல்ல உள்ள போகும், கடைசியா வெளிய வரும். மத்த ரெண்டும் வேல செய்யறதுக்கு. இது ஒண்ணுதான் உங்களக் காப்பாத்தறதுக்கு. பெட்டியில கரண்ட் இறங்கினா இது வாங்கிக்கும், நீங்க வாங்க மாட்டீங்க.” இதை நான் மாஸ்டரிடம் அப்படியே சொன்னேன்.

அவர் சிரித்தார். “ஏனுங் அம்மிணி, எர்த்துங்கறது கரண்டாபீசுக்காரனுக்குங்க. பாட்டுக் கேக்கறவனுக்கு அது எதுக்குங்? எங்கூட்ல ஒரு பெட்டிக்கும் எர்த்து கெடையாதுங்க, நா என்ன செத்தா போயிட்டேன்?”

இவரும் சேர்ந்து சிரித்தார். “ஜெசி கான்வென்ட்ல படிச்சவ மாஸ்டர், எல்லாத்துக்கும் சிஸ்டரத்தான் கூப்பிடுவா” என்றார். பக்கோடா நன்றாக இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள்.

கதவு விஷயம் சொன்னேனே. இங்கே பாருங்கள், என் காலடியில் போகிறதே, விரல் தடிமனில் வயர். பெட்டி முன்ரூமில் இருக்க வேண்டும், நினைத்தபோதெல்லாம் திறந்து நோண்டுவதற்கு. ஸ்பீக்கர் உள்ளே ஹாலில் இருக்க வேண்டும், இந்த ரூம் சின்னது, இதில் பாஸ், அதாவது அடிச்சத்தம், நிற்காதாம். சுவரில் ஓட்டை போட வீட்டு ஓனர் விடமாட்டார். அதனால் வயர் நிலைப்படி மேல் போகிறது, கதவு ஒரு சாண் திறந்தே கிடக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் இந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதில்லை. சுற்றிக் கொண்டுபோகலாமே என்றேன். ஒரு பக்கம் நீளம் கூடிப்போகுமாம், இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்க வேண்டுமாம். ஒரு சாண் இடைவெளி உங்களுக்கும் எனக்கும் இடுக்கு. தவழ்கிற பிள்ளைக்கு அது ராஜபாட்டை.

இவள்தான் செரின். சிரிக்கிறாள் பாருங்கள் உங்களைப் பார்த்து. யாரைப் பார்த்தாலும் சிரிப்பாள், அதுதான் பயமே. இறக்கிவிட்டுவிடுகிறேன், இடுப்பு நோகிறது. இந்தா, கரண்டி, டம்ளர், உள்ளே உட்கார்ந்து தட்டு. இவளுக்கு என்ன பொம்மை வாங்கிக் கொடுத்தாலும் வேண்டாம். அந்த நீல விளக்குதான் வேண்டும். இருட்டினதும் அது பளிச்சென்று தெரியுமா, எங்கே விட்டாலும் அதை நோக்கித் தவழ்வாள். போய் அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பாள். அவள் முதல் தடவை எழுந்து நின்றதே அந்தப் பெட்டியைப் பிடித்துத்தான். இவர் போட்டோ எடுத்தார். குரூப்பில் போட்டார். எல்லோரும் இதயம் போட்டார்கள். நான் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினேன்.

அந்த நாட்களில் பெட்டியைத் துடைக்கும்போது புறங்கையில் சுருசுரு என்று இருக்கும். எறும்பு ஊருகிற மாதிரி. சொன்னேன். “அது கரண்ட் லீக்கேஜ் ஜெசி. எல்லாப் பெட்டியிலயும் இருக்கும், ஒண்ணும் பண்ணாது.” “பிள்ளை நக்குகிறாள் அமல், அந்தப் பெட்டியை நாக்கால் நக்குகிறாள்.” “நீ ரொம்ப பயப்படுற.” நான் பயப்படுகிறேனாம். நான் பயப்படுகிற ஆள் இல்லை சார். ராத்திரி மூச்சு வருகிறதா என்று பிள்ளை மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பேன், அது எல்லா அம்மாவும் செய்வது. சிலிண்டரை இரண்டு தடவை மூடுவேன். கிணற்றடிப் பக்கம் துணி காயப்போடுவதில்லை. அது ஜாக்கிரதை. பயம் வேறு.

அவர் ஆபீஸ் போனதும் கடைவீதிக்குப் போய்ப் புது மூணு பின் பிளக் வாங்கினேன். ஸ்க்ரூ டிரைவர் இந்த வீட்டில் அரிசியைவிட அதிகம். சிஸ்டர் கனீசியா போர்டில் வரைந்தது கண்ணில் இருந்தது: பச்சை வயர் மேலே, பெரிய பின்னுக்கு. மாட்டிவிட்டேன். சாயங்காலம் தெரு அடங்கினதும், உம்ம்ம். அன்றைக்குத்தான் நான் கொஞ்சம் தூங்கினேன்.

மறுநாளே கண்டுபிடித்துவிட்டார். வெட்டினார். நான் இன்னொரு பிளக் வாங்கினேன். அவர் வெட்டினார். மழைக்காலம் முடிகிற வரைக்கும் இதுதான் எங்கள் சம்சாரம். வாய்ச்சண்டை கிடையாது. சாயங்காலம் ஆனால் நான் ஹாலில் நின்று காதைக் கொடுப்பேன். உம் இருந்தால் எர்த் இருக்கிறது, பிள்ளையை இறக்கிவிடுவேன். உம் இல்லையென்றால் எர்த் இல்லை, பிள்ளை இடுப்பிலேயே இருப்பாள், சோறு ஆக்கும்போதும் இடுப்பில்தான். கொஞ்சம் சந்தேகமாக இருந்தால் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் முட்டி போட்டுக் காதை வைத்துப் பார்ப்பேன். அந்தக் கிறுக்கர்கள் மாதிரி இல்லை. எனக்குக் காரணம் இருக்கிறது.

அப்புறம் அந்தச் சாயங்காலம். எர்த் இருந்த நாள் அது, நான் மாட்டி வைத்திருந்த நாள். உம் கேட்டது. அதனால்தான் பிள்ளையை இறக்கி விட்டிருந்தேன். அவர் ஆபீஸிலிருந்து வந்ததும் மூடியைத் திறந்து எதையோ மாற்றிவிட்டு, யாரோ போன் பண்ணினார்கள் என்று அவசரமாக மூடி ஸ்க்ரூவை முறுக்கியிருக்கிறார். மூடிக்கு அடியில் மெயின் வயர் மாட்டிக்கொண்டது அவருக்குத் தெரியவில்லை. போனில் ஜால்ராவைப் பற்றிப் பேச மொட்டைமாடிக்குப் போய்விட்டார். செரின் தவழ்ந்து போய், இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்து எழுந்து நின்று, மூடி மேல் தட்டுகிறாள். தட் தட் தட். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். டப்! மெயின் போர்டில் சுவிட்ச் விழுந்து வீடே இருட்டு.

இருட்டில் அவளைத் தடவித் தூக்கினேன். அழவே இல்லை. நீல விளக்கு எங்கே என்கிற மாதிரி என் கழுத்துக்கு மேலே தேடிக்கொண்டிருந்தாள்.

அவர் டார்ச் எடுத்துக்கொண்டு வந்து மூடியைக் கழற்றினார். வயர் தோல் உரிந்து, செம்பு பெட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தது. பெட்டி முழுக்கக் கரண்ட் இறங்கியிருக்கிறது. எர்த் வாங்கிக்கொண்டது, சுவிட்ச் விழுந்தது. சிஸ்டர் சொன்ன மாதிரியே. எர்த் இல்லாமல் இருந்திருந்தால் யார் வாங்கியிருப்பார்கள்? நான் கேட்கவில்லை. அவரே சொல்லட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ரொம்ப நேரம் யோசித்தார். யோசித்துவிட்டுச் சொன்னார்:

“எர்த் இருந்ததாலதான் ஜெசி ட்ரிப் ஆச்சு. இல்லேன்னா ஆயிருக்காது.”

நான் பொய் சொல்லவில்லை சார். என் பிள்ளை மேல் சத்தியமாக இதைத்தான் சொன்னார், குற்றம் எர்த் மேலாம். மாஸ்டரிடம் போனில் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார், நானும் கேட்டேன். “அந்த ட்ரிப் சுச்சு ரொம்ப சென்சிட்டிவுங் தம்பி. கொஞ்சம் பெருசா மாத்திப் போட்டுக்குங்க.” எல்லோருக்கும் பெட்டிதான் பிழைத்துக்கொள்ள வேண்டும். இதுதான் இந்தக் கூட்டம். செத்த பிணத்தை வைத்துக்கொண்டும் பாஸ் கம்மியாக இருக்கிறதே என்பார்கள்.

அன்றைக்கு நான் அம்மா வீட்டுக்குக் கிளம்பினேன். துணியெல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். அப்போதுதான் மனிதர் இறங்கிவந்தார். செரின் தலையில் கை வைத்தார். “இனி எர்த்தைத் தொடமாட்டேன். இது சத்தியம்” என்றார். கண் கலங்கியிருந்தது. நல்ல மனிதர்தான், கெட்ட சகவாசம், அவ்வளவுதான். பெட்டியைத் திறந்து வயரை ஒழுங்காகக் கட்டினார், நானே கூட நின்று பார்த்தேன், புது பிளக் மாட்டினார்.

அதிலிருந்து பாருங்கள், உம் நின்றதே இல்லை. ஒவ்வொரு சாயங்காலமும் கேட்கிறேன். இருக்கிறது. அதனால்தான் எனக்குப் பிடிக்கும் என்றேன். உங்களுக்கெல்லாம் அது கோளாறு. எனக்கு அது காவல்காரன் விசில். விசில் கேட்கிறவரை நிம்மதி. கொஞ்ச நாளாக அதன் குரல்தான் சற்று மாறியிருக்கிறது. முன்பு கொழகொழவென்று ஜி-யில் நிற்கும், இப்போது மேலே ஒரு கரகரப்பு. மழை விட்டு வெயில் வந்துவிட்டதே, காற்று காய்ந்தால் அப்படி இருக்கும் போல. எனக்கென்ன, உம் இருக்கிறதா, போதும்.

உங்களுக்கு என்ன கஷ்டம் என்று கேட்கவே இல்லை பாருங்கள். ஹம்தானா? நினைத்தேன். துறையூரிலிருந்து இவ்வளவு தூரம் சுமந்துகொண்டு. உங்களுக்கு நான் ஒரே ஒரு புத்தி சொல்கிறேன், அந்த ஹம்மோடு வாழ்ந்துவிட்டுப் போங்கள். வீட்டில் பிள்ளை இருக்கிறதா? இரண்டு வயசா, பெண்ணா? அப்படியென்றால் கேளுங்கள். எவன் சொன்னாலும் எர்த் பின்னை மட்டும் வெட்டாதீர்கள்.

என்ன?

சாக்கைப் பிரியுங்கள். பிளக்கைக் காட்டுங்கள்.

வெட்டியிருக்கிறீர்களே! யார் சொன்னது? சாரா? எந்த சார், என் வீட்டுக்காரரா? எப்போது? போன வாரமா? இல்லை, உங்களுக்கு மறந்திருக்கும். பழைய பேச்சாக இருக்கும். மழைக்காலத்தில் சொல்லியிருப்பார். ... போன வாரம்தானா? பெண்ணுக்குப் பிறந்தநாள் என்று ஞாபகம் இருக்கிறதா?

சரி. வெட்டினீர்கள். வெட்டின பிறகு ஹம் போயிருக்க வேண்டுமே? போய்விட்டால் எதற்கு இங்கே தூக்கிக்கொண்டு வந்தீர்கள்?

போகவில்லையா.

எர்த் இல்லாமலும் ஹம் வருமா?

சார் என்ன சொன்னார், அப்படியே சொல்லுங்கள். ஒரு வார்த்தை விடாமல் சொல்லுங்கள். “எங்க வீட்டுப் பெட்டியிலயும் வெட்டிப் பாத்துட்டேன், இன்னும் போகல, இது டிரான்ஸ்பார்மர் கோளாறு, மாஸ்டர்கிட்ட கேட்டுட்டு வர்றேன்”... எங்க வீட்டுப் பெட்டி என்றா சொன்னார்? இந்தப் பெட்டியையா?

செரின்? செரின் எங்கே? இங்கேதானே தட்டிக்கொண்டிருந்தாள். கரண்டி இருக்கிறது, டம்ளர் இருக்கிறது. செரின்!

உங்கள் காலுக்குப் பின்னால். மேஜைக்கு அடியில். சார், தூக்குங்கள் அவளை! தூக்குங்கள் என்கிறேன், பெட்டியைத் தொடாதீர்கள், பிள்ளையைத் தூக்குங்கள்! கொடுங்கள் இங்கே. கொடுங்கள். ஒன்றுமில்லைடா, ஒன்றுமில்லைடா தங்கம். தொட்டாளா? தொடுவதற்கு முன்னால் தூக்கிவிட்டீர்களா? நிச்சயமாகத் தெரியுமா? கையைக் காட்டு. இந்தக் கை. அந்தக் கை.

சுவரில் இருக்கிற சுவிட்சை அணையுங்கள். மேஜைக்குப் பின்னால், கறுப்பு போர்டு. ஆம்.

நின்றுவிட்டது. கேட்கிறதா, நின்றுவிட்டது. இந்த வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை. அந்த நீல விளக்கைப் பாருங்கள், அணைத்த பிறகும் உடனே அணையாது. அதற்குள் சேர்த்து வைத்த கரண்ட் தீர்கிற வரை மெல்ல மெல்ல மங்கும். உடனே அணைந்தால் என்ன கேடு? இப்போதும் பிள்ளை அதைத்தான் பார்க்கிறாள்.

பிளக்கைப் பிடுங்கிக் காட்டுங்கள். எனக்கு வெளிச்சத்தில் காட்டுங்கள். இரண்டு பின். பெரியது இருந்த இடம் பளபளவென்று இருக்கிறது, பித்தளை. என் முன்னால் மாட்டின அதே பிளக். நான் குனிந்து ஒரு தடவை பார்த்திருக்கலாம். தினமும் பெருக்குகிறேன், இந்த மேஜைக்கு அடியில்தான் பெருக்குகிறேன். குனிந்து பார்க்கவில்லை. காதால் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதை விடுங்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. இருங்கள், அலமாரியில் ஒரு பிளக் வைத்திருந்தேன், அந்தச் சண்டை நாட்களில் வாங்கினது, கவர்கூடப் பிரிக்கவில்லை. பிடியுங்கள். பச்சை வயர் பெரிய பின்னுக்கு. வீட்டுக்குப் போய் முதலில் இதை மாட்டுங்கள், அப்புறம் பெண்ணைத் தூக்குங்கள். ஹம் வந்தால் வரட்டும். வராவிட்டாலும் குனிந்து பாருங்கள். கண்ணால் பாருங்கள்.

படியில் செருப்புச் சத்தம். அவர்தான். இடது கால் கொஞ்சம் இழுத்து வைப்பார். கூட இன்னொரு ஆளும் வருகிறார். மாஸ்டரையும் அழைத்து வந்துவிட்டார், பாருங்கள் பெருமையை. நல்லதாயிற்று. மூன்று பேரும் இந்த ரூமில் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். சோறு கிடையாது.

கொஞ்சம் கால் எடுங்கள், அந்த வயர் எனக்கு வேண்டும். ஸ்பீக்கர் பக்கம், பிளக் எடுக்க உள்ளே போனபோதே பிடுங்கிவிட்டேன். இந்தாருங்கள், உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள். இழுங்கள் சார், அறுந்தால் அறுகிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவுதான், அளந்து பார்த்துக்கொள்ளட்டும்.

அவர் கேட்டால் சொல்லுங்கள், ஜெசியும் பிள்ளையும் உள்ளே இருக்கிறார்கள் என்று. சத்தியம் செய்த கை எது என்று நான் கேட்டதாகச் சொல்லுங்கள். தட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள், திறக்க மாட்டேன். பொழுது விடிந்ததும் என் அப்பாவை வரச் சொல்லப்போகிறேன். கதவு சாத்தியிருப்பதை உங்கள் சார் இதுவரை பார்த்ததில்லை, ஒரு நிமிஷம் அவருக்குப் புரியாது. நீங்கள் கொஞ்சம் நகர்ந்து நின்றுகொள்ளுங்கள்.

துருப்பிடித்திருக்கிறது. கொஞ்சம் இருங்கள். வருகிறது.

கதவுக்கு அந்தப் பக்கம் கேட்கிறதா நான் பேசுவது? இப்போது நன்றாகக் காது கொடுங்கள்.

டக்.

தாழ்ப்பாள்தான்.